ஏப்ரல் பனிக்கு ஆர்.வி.யில் போகிறவர்கள் எதை முன்பதிவு செய்யலாம், எதை விட்டுவைக்கலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வசிக்கிறோம். நான், கணவர், 13 வயது மகள், எங்கள் நாய். ஏப்ரல் 10 முதல் 19 வரை பத்து நாள் விடுப்பு. ஃப்ரீமாண்டிலேயே 25 அடி ஆர்.வி. (உள்ளேயே தூங்கிச் சமைக்கக்கூடிய வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, யூட்டாவில் ஆல்ட்டா, ஸ்னோபேர்ட், பிறகு கொலராடோவில் அரப்பஹோ பேசின், கடைசி வாரயிறுதிக்கு வயோமிங்கில் ஜாக்சன் ஹோல் என்று ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசை. நாங்கள் இருவரும் ஸ்கீ (இரு பலகையில் பனிச்சறுக்கு) செய்வோம், மகள் ஒற்றைப் பலகையில் ஸ்னோபோர்டு, மூவருமே நடுத்தரம்தான். பனி எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போகலாம் என்பதற்காகத்தான் ஆர்.வி.யைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாவற்றையும் முன்பதிவு செய்துவிட்டால் அந்தச் சௌகரியம் போய்விடும். எதையுமே செய்யாவிட்டால் நடுவழியில் நிற்போமோ என்று பயமாக இருக்கிறது. எதை இப்போதே உறுதி செய்வது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது? இதற்கு முன் நாங்கள் ஆர்.வி. ஓட்டியதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாக அந்தச் சுற்றின் தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஃப்ரீமாண்டிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு ஏறத்தாழ 730 மைல். அங்கிருந்து அரப்பஹோ பேசினுக்கு 470. அதன் பின் ஜாக்சன், அங்கிருந்து வீடு. எல்லாம் சேர்ந்து 2,500 மைலை நெருங்குகிறது. 25 அடி வண்டி, ஏற்றமும் எதிர்காற்றும் உள்ள சாலையில், எரிபொருள் நிரப்பும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்குச் சராசரியாக 50 மைல் போனாலே அதிகம். பத்து நாளில் 50 மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதென்றால், பனி எங்கே நன்றாக இருக்கிறது என்று பார்த்துத் திரும்புவதற்கு உங்களிடம் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது. காலனுக்கு எட்டு முதல் பத்து மைல் ஓடும் வண்டிக்கு 250 முதல் 300 காலன் பெட்ரோல் பிடிக்கும் என்பதும், மைலுக்கு இவ்வளவு என்று வாடகை நிறுவனம் தனியாக வசூலிக்கக்கூடும் என்பதும் அதற்கு மேல் வருகிற செலவு.

தூரத்தை ஒதுக்கி வைத்தாலும் அந்தத் திட்டத்தில் மூன்று இடங்களில் இடிக்கிறது. ஆல்ட்டாவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது. உங்கள் மகள் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆல்ட்டாவும் ஸ்னோபேர்டும் இருக்கும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கு, சால்ட் லேக் சிட்டியின் குடிநீருக்கான பாதுகாக்கப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே நாயைக் கொண்டுபோகக் கூடாது, வண்டிக்குள் வைத்திருந்தாலும் கூடாது. பக்கத்திலுள்ள பிக் காட்டன்வுட்டுக்கும் இதே விதிதான். மூன்றாவதாக, ஜாக்சன் ஹோல் வழக்கமாக ஏப்ரல் இரண்டாம் ஞாயிறோடு லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுகிறது. நீங்கள் அதைக் கடைசி வாரயிறுதிக்கு வைத்திருக்கிறீர்கள். போய்ச் சேரும்போது மலை முழுக்கப் பனி இருக்கும், ஏறுவதற்கு லிஃப்ட் இருக்காது.

இந்த மூன்றாவது விஷயம் பலரை ஏமாற்றுவதால் இன்னும் சற்றுச் சொல்கிறேன். பருவக் கடைசியில் ஒரு மலை மூடப்படுவது பெரும்பாலும் பனி தீர்ந்துபோனதால் நடப்பதில்லை. ஏப்ரல் பிறந்ததும் கூட்டம் குறைந்துவிடுகிறது, பருவகால ஊழியர்களின் ஒப்பந்தம் முடிகிறது, பல மலைகள் வனத்துறை நிலத்தில் அனுமதி பெற்று நடப்பதால் அதற்கான விதிகளும் இருக்கின்றன. ஆகவே ஒரு மலையில் எத்தனை அங்குலப் பனி கிடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பு, அந்த மலை அறிவித்திருக்கும் மூடும் தேதியைப் பாருங்கள். அதோடு, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் எந்தெந்த லிஃப்ட் ஓடும் என்பதையும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலை திறந்திருக்கிறது என்று பலகையில் இருக்கும். உங்கள் தரத்துக்கு ஏற்ற சரிவுகளுக்குப் போகும் லிஃப்ட் ஒரு வாரம் முன்பே நின்றிருக்கும்.

என் யோசனை, கிழக்கே போகாமல் சியெரா நெவாடா மலைத்தொடரிலேயே இருங்கள் என்பதுதான். வீட்டிலிருந்து 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் டானர் கணவாய் வழியாக ரீனோ 220 மைல். அங்கிருந்து 395-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே மம்மத் லேக்ஸ் ஏறத்தாழ 170 மைல். இந்தக் கோட்டின் வடக்கு முனையில் பேலிசேட்ஸ் தாஹோ இருக்கிறது; 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த மலை, 2021 வரை வேறு பெயரில் இருந்தது. தெற்கு முனையில் மம்மத் மவுண்டன். இரண்டிலும் ஸ்னோபோர்டுக்குத் தடையில்லை, இரண்டும் ஏப்ரல் நடுவில் வழக்கமாகத் திறந்திருப்பவை. மம்மத்தின் உச்சி 11,053 அடி. அதன் சரிவுகளில் பெரும்பகுதி வடக்கு நோக்கியவை. மே மாதக் கடைசி வரை ஓடுவது அங்கே சாதாரணம், பெரும்பனி விழுந்த 2023-இல் ஆகஸ்ட் 6 வரை ஓடியது. இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு பிற்பகல் பயண தூரம்தான் என்பதால், வானிலையைப் பார்த்து இடம் மாறுவது என்பது இங்கே உண்மையிலேயே முடிகிற காரியம்.

கொலராடோவை நீங்கள் இழக்கவும் வேண்டாம். அரப்பஹோ பேசினின் அடிவாரமே 10,780 அடியில் இருப்பதால் அது வழக்கமாக ஜூன் வரை ஓடும். இன்னொரு மே மாதத்தில் நாயை யாரிடமாவது விட்டுவிட்டு டென்வருக்கு விமானத்தில் போய்ச் சாதாரணக் கார் எடுத்துக்கொள்வது, இந்த ஏப்ரலில் ஆர்.வி.யை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவதைவிடப் பல மடங்கு நல்லது.

இனி எந்த நாளில் எங்கே இருப்பது என்பதை எப்படி முடிவு செய்வது என்று பார்ப்போம். ஏப்ரல் பனியில் நீங்கள் பார்க்க வேண்டியது பனியின் ஆழத்தை அல்ல, முந்தைய இரவை. பகல் வெயிலில் உருகும் மேற்பரப்பு இரவில் உறைகிறது, மறுநாள் மறுபடி உருகுகிறது. இப்படிச் சில நாள் நடந்தால் பனித்துகள்கள் உருண்டு திரண்டு கல்லுப்பு அளவுக்குப் பருத்துவிடும். ஸ்கீ செய்பவர்கள் இதைக் கார்ன் ஸ்னோ என்பார்கள். நடுத்தரத்தினருக்கு இதைவிட இதமான பனி கிடையாது: அடியில் கெட்டி, மேலே ஓர் அங்குலம் மட்டும் வெண்ணெய் போல இளகியிருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் பலகை சொன்னபடி கேட்கும். ஆனால் அது காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் நீடிக்கும். எட்டரை மணிக்கு லிஃப்ட் திறக்கும்போது தரை சிமெண்டு போலிருக்கும். பத்து மணிவாக்கில் கிழக்குச் சரிவுகள் இளகும், பிறகு தெற்கு, அதன்பின் மேற்கு. ஒரு மணிக்கெல்லாம் தாழ்வான இடங்கள் சேறாகி முழங்காலைப் பிடித்து இழுக்கும். அவசரப்பட்டு முதல் லிஃப்டில் ஏறிக் கெட்டித் தரையில் விழுந்து எழுவதைவிட, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிழக்குச் சரிவில் தொடங்கி, வெயிலோடு கூடவே மலையைச் சுற்றிவந்து, கடைசியில் வடக்கு உச்சியில் முடியுங்கள்.

இரவு உறைந்ததா என்பதைக் காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுவிடும். காற்று 1 அல்லது 2 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். அதே வெப்பநிலையில் மேகம் மூடியிருந்தால் போர்வை போர்த்தியது போலாகி, விடியும்போதே பனி ஊறிப்போய்க் கிடக்கும். எனவே தூங்குவதற்கு முன் தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்பில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: நீங்கள் போகப்போகும் உயரத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, இரவில் மேகம் உண்டா இல்லையா. ஊரின் பெயரைத் தட்டிப் பார்க்காமல் வரைபடத்தில் மலையின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். ஊர் வேறு உயரம், மலை வேறு உயரம். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக்கணக்கு. பேலிசேட்ஸின் அடிவாரம் 6,200 அடி, மம்மத்தின் மெயின் லாட்ஜ் 9,000 அடி; ஒரே இரவில் இங்கே 4 டிகிரி என்றால் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். வெப்ப அலை வருகிறது, மூன்று இரவாக உறையவில்லை என்றால் கேள்வியே வேண்டாம், தெற்கே மம்மத்துக்குப் போய்விடுங்கள். இரவுகள் குளிராகவும் தெளிவாகவும் இருந்தால் பேலிசேட்ஸிலேயே இருக்கலாம். மதியத்துக்கு மேல் அடிவாரம் வரை சறுக்கிக்கொண்டு வராமல் கேபிள் காரில் இறங்கிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது புயல். ஏப்ரலில் சியெராவில் ஓரிரவில் இரண்டடி பனி விழுவதும் உண்டு. கலிஃபோர்னியாவில் டயர் சங்கிலிக்கான கட்டுப்பாடு ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று படிகள். பனி டயர் மாட்டியிருந்தால் சங்கிலி வேண்டாம் என்ற சலுகை, 6,000 பவுண்டு வரை எடையுள்ள வண்டிகளுக்குத்தான். உங்கள் ஆர்.வி. அதைவிட மிகக் கனமானது, நான்கு சக்கர இயக்கமும் அதற்கு இருக்காது. எனவே ஆர்1 அறிவித்த நிமிடமே சங்கிலி மாட்டியாக வேண்டும். இப்போது வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சங்கிலி மாட்டக் கூடாது, மாட்டிச் சேதமானால் காப்பீடு பொருந்தாது என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். சட்டம் மாட்டு என்கிறது, ஒப்பந்தம் மாட்டாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் சோதனைச் சாவடியில் நின்று வாதாடி யாரும் வென்றதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்வியை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டலாம் என்று அவர்கள் சொன்னாலும், முதல் முறை ஆர்.வி. ஓட்டுபவர் பனிப்புயலில் இரட்டைச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு டானர் கணவாயைக் கடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் உங்களுக்கு நான் தரும் விதி ஒன்றுதான்: புயல் நாளில் வண்டி நகரக் கூடாது. இதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். புயல் வருவது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். ரீனோவிலுள்ள வானிலை அலுவலகம் எழுதும் விரிவான முன்னறிவிப்புக் குறிப்பை நாள்தோறும் படித்தால், புயல் எப்போது வரும் என்பதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்பதும் புரியும். புதுப்பனியில் சறுக்க ஆசையென்றால், புயலுக்கு முந்தைய நாளே மம்மத் லேக்ஸில் மின்இணைப்புள்ள ஆர்.வி. பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஊரின் இலவசப் பேருந்தில் லிஃப்டுக்குப் போய்வாருங்கள். ஆசை இல்லையென்றால் தெற்கே 40 மைல் இறங்கிப் பிஷப்பில் காத்திருங்கள். அது 4,150 அடி உயரத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே பெரும்பாலும் தூறலோடு போய்விடும். புயல் ஓய்ந்த மறுநாள் காலை சாலையைச் சுத்தம் செய்ததும் ஏறலாம். ஒன்று கவனியுங்கள்: புயலுக்கு முன்னும் பின்னும் 395-இல் காற்று மிகக் கடுமையாக வீசும். ரீனோவுக்கும் கார்சன் சிட்டிக்கும் இடையே வாஷோ பள்ளத்தாக்கில் உயரமான வண்டிகளை அப்போது தடுத்துவிடுவார்கள். ஆர்.வி. அந்த வகைதான். பனிக்குப் பயப்படுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். பக்கவாட்டுக் காற்று உங்கள் வண்டியை அடுத்த தடத்துக்கே தள்ளிவிடும்.

எங்கே தூங்குவது என்பதில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. பலர் ஆர்.வி. எடுப்பதே லிஃப்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி அங்கேயே தூங்கி எழலாம் என்ற கனவில்தான். நானும் அப்படித்தான் ஒருமுறை, ஏப்ரல் மாதம், ஏறத்தாழ 9,000 அடியில் இரவு தங்க அனுமதியுள்ள ஒரு வாகன நிறுத்தத்தில் குடும்பத்தோடு படுத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு ஹீட்டரின் விசிறிச் சத்தம் மெல்லத் தொய்ந்தது; அடுப்புப் பற்றவைப்பது போல டிக், டிக் என்று நாலைந்து முறை கேட்டது; பிறகு ஒன்றுமில்லை. ஹீட்டரில் எரியும் புரொப்பேன் வாயு நிறைய இருந்தது, ஆனால் விசிறியைச் சுழற்றும் பேட்டரி தீர்ந்துவிட்டது. விடியும்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குழாய் உறைந்திருந்தது, பூட்ஸுக்குள் காலை நுழைக்க இருபது நிமிடம் போராடினோம். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொன்னதை நம்பி, அதன் வயதை நான் கேட்காமல் விட்டதன் பலன்.

கணக்கைப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆர்.வி. ஹீட்டரின் விசிறி ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மணி நேரக் குளிர் இரவில் பாதி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பழுதாகாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி, அதாவது 50. விளக்கு, நீர் பம்பு, தொலைபேசி சார்ஜ் எதுவுமே சேர்க்காத கணக்கு இது. புரொப்பேனும் அப்படித்தான்: மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அலகு) ஹீட்டருக்கு ஒரு காலன் மூன்று மணி நேரம் வரும். மேற்சொன்ன இரவுக்கு இரண்டு காலன். பத்து காலன் தொட்டி ஐந்து இரவு தாங்கும். ஆகவே மேலே தங்கும் இரவுகளுக்கு மின்இணைப்புள்ள இடம் கட்டாயம். இணைப்பில்லாத இரவுகளை 5,000 அடிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ரீனோ, கார்சன் சிட்டி, பிஷப் மூன்றுமே அந்த உயரத்துக்குள் அடங்குபவை. தாழ்வில் தூங்கினால் உயரத்தால் வரும் தலைவலியும் தூக்கமின்மையும்கூடக் குறையும். குழந்தையோடு போகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

வண்டியைப் பெறும்போது நீர்க்குழாய்களில் உறைதடுப்பு ஊற்றி மூடியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மூடியிருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீர் வைத்துக்கொள்வதே நிம்மதி, குளியலுக்கு ஆர்.வி. பூங்காக்களில் இடமிருக்கும். குழாய்களைப் பயன்படுத்தினால், வெளியிலிருந்து வரும் நீர்க்குழலை இரவில் கழற்றி வடித்துவிடுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியிலுள்ள கதவுகளைத் திறந்து வைத்துச் சூடான காற்று உள்ளே போக வழிசெய்யுங்கள். ஈரமான உடைகள், சமையல், மூன்று பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்து உட்சுவர் வியர்க்கும் என்பதால், குளிராக இருந்தாலும் கூரைத் துவாரத்தை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பொத்தானை அழுத்திப் பாருங்கள். பூட்ஸின் உள்ளுறையை உருவி ஹீட்டர் காற்று வரும் துவாரத்தின் அருகே வைத்தால் காலையில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். வண்டியை உடனே உறுதி செய்யுங்கள், ஆனால் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைத் தேதிவாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மம்மத் லேக்ஸில் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் ஆர்.வி. பூங்காவில், பயணத்தின் இரண்டாம் பாதிக்கு நான்கு இரவுகளை இப்போதே பிடித்து வையுங்கள்; அந்த ஊரில் இதற்கு மாற்று இடம் அதிகம் இல்லை, பனி அள்ளும் வண்டிகளுக்காகக் குளிர்காலத்தில் தெருவில் இரவு நிறுத்தவும் விடமாட்டார்கள். வனத்துறை முகாம்களை நம்பாதீர்கள். மலை உயரத்தில் அவற்றில் பெரும்பாலானவை மே கடைசியில்தான் திறக்கும். ரீனோ பக்கத்துக்கு முதல் இரவை மட்டும் முன்பதிவு செய்தால் போதும். மற்ற இரவுகளுக்கு அன்று காலையில் தொலைபேசியில் கேட்டாலே வாரநாட்களில் இடம் கிடைக்கும். பிஷப்பை முழுக்க விட்டுவையுங்கள். அதன் சுற்றுவட்டாரத்தில் மத்திய நில நிர்வாகத் துறையின் திறந்தவெளி நிலங்கள் ஏராளம். முகாமிட அனுமதியுள்ள இடங்களில் பொதுவாக 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். மழை பெய்திருந்தால் மட்டும் மண்பாதையில் இறங்க வேண்டாம். 25 அடி வண்டி சேற்றில் புதைந்தால் இழுவை வண்டிக்கான கட்டணம் நான்கு நாள் தங்கும் செலவை விழுங்கிவிடும்.

டிக்கெட்டில்தான் நெகிழ்வுக்கு உண்மையான விலை கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மலைகளும், பல மலைகளுக்கும் சேர்த்து விற்கப்படும் பருவச் சீட்டான ஐகான் பாஸில் அடங்குபவை. ஆனால் அந்தப் பருவத்துக்கான பாஸ் விற்பனை டிசம்பரிலேயே முடிந்துவிடும். உங்களிடம் அது இல்லையென்றால் ஒரு நாள் டிக்கெட்தான். பெரிய மலைகளில் அது 150 டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம், கவுண்டரில் வாங்கினால் இன்னும் அதிகம். தேதியிட்டு இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் குறையும், ஆனால் பணம் திரும்பாது. இதற்கு நான் சொல்லும் வழி, பத்து நாளுக்கும் ஒரேயடியாக வாங்காமல், இரவு முன்னறிவிப்பு ஓரளவு நம்பகமாகிவிடும் மூன்று நாள் முன்னதாக, இரண்டிரண்டு நாளாக வாங்குவது. அதற்கு முன் ஒரு விஷயம் விசாரியுங்கள்: அடுத்த பருவத்துப் பாஸை இந்த வசந்தத்திலேயே வாங்குகிறவர்களை, மிச்சமுள்ள நாட்களுக்கும் அனுமதிக்கும் சலுகையைச் சில மலைகள் தருகின்றன. அடுத்த குளிர்காலத்திலும் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், ஐந்தாறு நாள் டிக்கெட் செலவிலேயே அது ஈடாகிவிடலாம். வாரயிறுதிகளில் ஓட்டுங்கள், வாரநாட்களில் சறுக்குங்கள்.

நாயைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நாளின் அமைப்பையே அதுதான் தீர்மானிக்கும். காற்று குளிராக இருந்தாலும் ஏப்ரல் வெயிலில் மூடிய ஆர்.வி. மளமளவென்று சூடேறும், நாள் முழுக்க அதை உள்ளே அடைத்துவிட்டுப் போகக் கூடாது. வசந்தப் பனியின் இயல்பே இதற்கு உதவுகிறது. வெயிலோடு சரிவு மாறிப் போனாலும் நல்ல பனி மொத்தம் நான்கு மணி நேரம்தான் என்பதால், ஒருவர் மகளோடு ஒன்பதரை முதல் பதினொன்றே முக்கால் வரை, மற்றவர் அங்கிருந்து ஒன்றரை வரை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு முழு நாள், உங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. முதல் முறை கெட்டித் தரையையும் சமாளிக்கத் தெரிந்தவருக்கு, இரண்டாம் முறை இளகிய பனியை விரும்புகிறவருக்கு. மூவரும் சேர்ந்து ஏற விரும்பும் ஒரு நாளுக்கு மட்டும் ஊரில் நாய் பராமரிப்பு நிலையத்தில் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். யாராக இருந்தாலும் முகத்துக்குச் சன்ஸ்கிரீனைக் காதுமடல், மூக்கின் அடிப்பக்கம் வரை பூசுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும், வெயில் கீழிருந்தும் வரும்.

நாட்களை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் காலையிலேயே புறப்பட்டு வெளிச்சம் இருக்கும்போதே டானர் கணவாயைக் கடந்து ரீனோ. வண்டி பழகாத முதல் நாளில் இருட்டில் மலை ஏற வேண்டாம். வார இறுதியின் இரண்டு நாட்களை வண்டிக்குப் பழகவும் தாஹோ ஏரிக்கரையில் நடக்கவும் வைத்துக்கொண்டு, திங்கள் காலை பேலிசேட்ஸ். திங்கள் இரவு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்: அடுத்த இரு இரவுகள் உறையுமா, வியாழனுக்குள் புயல் உண்டா, 395-இல் காற்று எப்படி. உறையும், புயலில்லை என்றால் இன்னொரு நாள் இருந்துவிட்டுச் செவ்வாய் பிற்பகலில் தெற்கே போகலாம். இல்லையென்றால் செவ்வாய் காலையே கிளம்புங்கள். வழியில் கான்வே உச்சி 8,138 அடி. அங்கே ஏறும்போது பின்னால் வண்டிகள் வரிசை கட்டினால் ஒதுங்கி வழிவிடுங்கள், இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் கியரைக் குறையுங்கள். பிரிட்ஜ்போர்ட் அருகே டிராவர்ட்டைன் வெந்நீர் ஊற்றுக்குப் போகும் பாதை உலர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பனிமலையைப் பார்த்தபடி வெந்நீரில் கழுத்துவரை உட்கார்ந்திருப்பதற்காகவே நான் இந்தச் சாலையை இன்னும் அலுக்காமல் பரிந்துரைக்கிறேன்.

வீடு திரும்பும் வழியையும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மம்மத்திலிருந்து மேற்கே யோசெமிட்டி வழியாகக் குறுக்கே போகலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். டயோகா கணவாயும் சோனோரா கணவாயும் ஏப்ரலில் பனியால் மூடியிருக்கும். வந்த வழியே டானர், இல்லையென்றால் பிஷப்பிலிருந்து தெற்கே மோஹாவே போய் டெஹாச்சப்பி வழியாகப் பேக்கர்ஸ்ஃபீல்டு, அங்கிருந்து ஃப்ரீமாண்ட். பின்னது பிஷப்பிலிருந்து ஏறத்தாழ 500 மைல்; மம்மத்திலிருந்து கணக்கிட்டால் டானர் வழியைவிட நூறு மைலுக்கு மேல் கூடுதல். ஆனால் அதன் மிக உயரமான இடமே 4,000 அடி அளவில்தான் இருப்பதால் சியெரா முழுக்கப் புயலில் கிடக்கும் நாளிலும் அது பெரும்பாலும் ஓடும். வெள்ளிக்கிழமை இரவு டானரின் ஞாயிறு முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் பனி என்றிருந்தால் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் போவதற்குள் பிஷப்பைத் தாண்டித் தெற்கே இறங்கிவிடுங்கள்.